ஏபிள் பிளேயர்: பஞ்சர் ஒட்டும் காணொளியை வைத்து ஒரு சோதனை

மிதிவண்டி டியூபில் பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் 12 நிமிடக் காணொளி ஒன்றை எடுத்து என் வலைத்தளத்தில் போட்டிருந்தேன். படமும் ஒலியும் தெளிவாக இருந்தன. பார்த்தவர்களும் நன்றாக இருப்பதாகவே எழுதினார்கள். பார்வையற்ற நண்பர் ஒருவர் அதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை இங்கே நுழைத்து, இப்படிப் பிடித்துக்கொண்டு, அப்படியே தள்ளுங்கள் என்கிறீர்கள். எதை, எங்கே, எப்படி?" கூடவே இன்னொன்றையும் சொன்னார். அப்போது என் தளத்தில் இருந்த பிளேயரின் பொத்தான்களுக்குப் பெயரே கொடுக்கப்படவில்லையாம். திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக்காட்டும் அவருடைய திரைவாசிப்பான் மென்பொருள் ஒவ்வொன்றையும் "பொத்தான்", "பொத்தான்", "பொத்தான்" என்று மட்டுமே படித்திருக்கிறது. காணொளியை நிறுத்த வேண்டுமென்றால் உத்தேசமாக ஏதாவது ஒன்றை அழுத்திப் பார்க்க வேண்டும். முதல் குறை என்னுடையது, இரண்டாவது பிளேயருடையது. இரண்டாவதைத் தீர்ப்பது சுலபம் என்று நினைத்து அதிலிருந்து தொடங்கினேன். அப்படித்தான் ஏபிள் பிளேயருக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது.

ஏபிள் பிளேயர் என்பது வலைப்பக்கங்களில் காணொளியையும் ஒலிப்பதிவையும் இயக்குவதற்கான திறமூல மென்பொருள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுகல்தன்மைத் துறையில் பணியாற்றிய டெரில் தாம்சன் உருவாக்கியது. எம்ஐடி உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். இதில் கணக்குத் தொடங்குவது, சந்தா கட்டுவது எதுவும் கிடையாது; கோப்புகளைத் தரவிறக்கி நம் சர்வரில் வைத்து, பக்கத்தில் உள்ள வழக்கமான வீடியோ குறிச்சொல்லில் ஒரு பண்பைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகம் அவசியம் என்பதால், அதைக் கைவிட்டுவிட்ட தளங்களை வைத்திருப்பவர்கள் சற்று முகம் சுளிக்கக்கூடும். யூடியூபிலும் விமியோவிலும் ஏற்கெனவே ஏற்றிவைத்த காணொளிகளையும் இந்தப் பிளேயருக்குள் கொண்டுவந்து இயக்க முடியும்; கோப்புகளைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ள இடமில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய காணொளித் தளங்களின் வழவழப்பு இதில் இல்லை. பொத்தான்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன, எல்லாம் எப்போதும் கண்ணில் படுகின்றன. சுட்டியைக் கொண்டுபோனால் மட்டுமே எழுந்து வந்து, நகர்த்தினால் ஓடி ஒளிந்துகொள்ளும் பொத்தான்களுக்குப் பழகியவர்களுக்கு இது பழைய பாணியாகத் தெரியலாம். கை நடுக்கம் உள்ளவருக்கும் திரையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவருக்கும் இந்தப் பழைய பாணிதான் வசதி. வேகத்தைக் குறைக்கும் பொத்தானில் ஆமையும் கூட்டும் பொத்தானில் முயலும் வரையப்பட்டிருக்கின்றன. விளையாட்டுத்தனமாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன், ஆனால் எழுத்து வாசிக்கத் தடுமாறும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது கடினம்.

விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இயக்க முடிகிறது. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு பொத்தானிலும் நின்று, கடைசிப் பொத்தானுக்குப் பிறகு பக்கத்தின் அடுத்த பகுதிக்கு வெளியேறுகிறது. இதில் என்ன விசேஷம் என்று கேட்பவர்கள், பிளேயருக்குள் போன குறிமுள் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும் பக்கங்களைச் சந்திக்காதவர்களாக இருக்க வேண்டும். வலைக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்டுள்ள வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில், இப்படிச் சிக்கவைக்கக் கூடாது என்பது அடிப்படை நிலையிலேயே உள்ள ஒரு விதி. 2008ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் பதிப்பிலிருந்து 2023ஆம் ஆண்டின் 2.2 பதிப்பு வரை அது மாறாமல் இருக்கிறது. குறுக்கு விசைகளும் உண்டு. திரைவாசிப்பானின் விசைகளோடு அவை மோதினால் ஆல்ட், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகியவற்றில் எதைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம். நண்பர் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்துச் சோதித்தார். பொத்தான்கள் எல்லாம் பெயர் சொல்லின. எந்தத் தடையும் இல்லாமல் ஓட்டினார், நிறுத்தினார், பின்னால் போனார். பிளேயர் தொடர்பான அவருடைய குறை அந்த நிமிடத்திலேயே தீர்ந்தது.

என் பங்கு அதன் பிறகுதான் ஆரம்பித்தது. ஏபிள் பிளேயரில் கேப்ஷனுக்கும், திரையில் நடப்பதைப் பார்வையற்றவருக்குக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்புக்கும், அத்தியாயங்களுக்கும், சைகை மொழிக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய கோப்பைக் கொடுத்தால் அதற்குரிய பொத்தான் தோன்றும், கொடுக்காவிட்டால் தோன்றாது. முதல் நாள் என் காணொளியில் இவற்றில் ஒரு பொத்தான்கூட இல்லை. நாம் எதைச் செய்யாமல் விட்டோம் என்பதை இவ்வளவு மௌனமாகச் சொல்லிக்காட்டும் மென்பொருளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

கேப்ஷனிலிருந்து தொடங்கினேன். சப்டைட்டில் என்பது பேச்சை மட்டும், பெரும்பாலும் வேறு மொழியில், எழுத்தாகக் காட்டுவது. கேப்ஷன் என்பது காது கேளாதவரை மனத்தில் வைத்து, பேச்சோடு சேர்த்துப் பொருளுள்ள ஒலிகளையும் பேசுபவர் யார் என்பதையும் எழுதுவது. சோம்பேறித்தனத்தால் தானியங்கிச் சேவை ஒன்றிடம் ஒலியைக் கொடுத்து எழுத்தாக்கி வாங்கினேன். யூடியூபில் தானியங்கிக் கேப்ஷன் 2009ஆம் ஆண்டே அறிமுகமானது. அந்த நாள்களோடு ஒப்பிட்டால் இன்றைய கருவிகள் மிகவும் முன்னேறியவை என்பதில் ஐயமில்லை. இருந்தும், நூற்றுக்கு 95 சொல் சரி என்று வைத்துக்கொண்டால்கூட, நிமிடத்துக்கு 100 சொல் வீதம் பேசிய 12 நிமிடக் காணொளியில் 60 சொற்கள் தவறாக இருக்கும். எனக்குக் கிடைத்த பிரதியில் "ஓட்டையை ஒட்டுவது" என்பது "ஓட்டையை ஓட்டுவது" ஆகியிருந்தது. "டியூபைக் கழற்றுங்கள்" என்ற இடத்தில் "யூடியூபைக் கழற்றுங்கள்" என்று இருந்தது. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஒலியைக் கேட்டுச் சரிபார்க்க முடியாத ஒருவருக்கு அது சிரிப்புக்குரிய பிழை என்பதே தெரியாது. குறிலும் நெடிலும், லகரமும் ளகரமும், றகரமும் ரகரமும் மாறினால் பொருளே மாறிப்போகும் மொழியில், இயந்திரம் கொடுத்ததை முதல் வரைவாக மட்டுமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் கேட்டுத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

இயந்திரம் தவறாக எழுதியதைவிட, எழுதாமலே விட்டதுதான் என்னை உறுத்தியது. காணொளியின் நான்காவது நிமிடத்தில் டியூபில் காற்றடித்துவிட்டு, காற்று கசியும் ஓசையைக் காட்டுவதற்காகச் சில நொடி பேசாமல் இருந்து, பிறகு "கேட்டதா?" என்கிறேன். தானியங்கிப் பிரதியில் அந்தச் சில நொடிக்கு எதுவும் இல்லை, அதன்பின் "கேட்டதா?" என்று மட்டும் இருக்கிறது. காது கேளாத ஒருவரிடம் எந்த விளக்கமும் இல்லாமல் "கேட்டதா?" என்று கேட்கும் காணொளியை நான் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் "காற்று 'உஸ்' என்று விட்டுவிட்டுக் கசியும் ஒலி" என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. "இசை" என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்ளும் வழக்கத்தையும் அப்போதே கைவிட்டேன்.

கேப்ஷன் கோப்பு வெப்விடிடி என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே எழுதலாம். முதல் வரியில் வடிவத்தின் பெயர், பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், அதன் கீழ் வாசகம். பரவலாகப் புழங்கும் எஸ்ஆர்டி வடிவத்துக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடுகளில் ஒன்று, நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே அங்கே காற்புள்ளி, இங்கே முற்றுப்புள்ளி. இந்த ஒரு புள்ளி தெரியாமல் ஒரு மாலைப்பொழுதை வீணடித்தேன். கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் தமிழில் எழுதுபவர்கள் மறக்கக் கூடாத ஒன்று.

வரி நீளத்தைப் பற்றியும் தமிழுக்கென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கிலக் கேப்ஷன்களுக்கு வரிக்கு ஏறத்தாழ 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி என்ற கணக்கைப் பலரும் பின்பற்றுகிறார்கள். கேப்ஷன் திருத்தும் கருவிகள் இந்தக் கணக்கை யூனிகோட் குறிகளை எண்ணிப் போடுகின்றன. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கருவிக்கு அது ஐந்து குறி. அதே நேரத்தில், நம் எழுத்துகள் அகலமானவை என்பதால் மூன்று எழுத்தே ஆங்கிலத்தின் ஐந்து எழுத்தளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எனவே எண்ணிக்கையை நம்பாமல் கைப்பேசித் திரையில் ஓட்டிப் பார்த்து, வேற்றுமை உருபோடு சொல் முடியும் இடத்திலோ எச்சம் முடியும் இடத்திலோ வரியை மடக்குவதுதான் சரியாக வந்தது. ஏபிள் பிளேயரில் எழுத்தின் அளவு, நிறம், பின்னணியின் அடர்த்தி, கேப்ஷன் படத்தின் மேல் தோன்ற வேண்டுமா கீழே தோன்ற வேண்டுமா என்பவற்றை எல்லாம் பார்ப்பவரே மாற்றிக்கொள்ளலாம், அந்தத் தெரிவு அடுத்த முறைக்கும் நினைவில் வைக்கப்படுகிறது. படத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளும் வசதி என்னைப்போலக் கைவேலையை அண்மைக் காட்சியில் காட்டுபவர்களுக்கு அவசியமானது. இல்லையென்றால் விரல் இருக்கும் இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பிளேயரின் மிகச் சிறந்த அம்சம் எது என்று கேட்டால், எழுத்துப்படி என்பேன். கேப்ஷன் கோப்பையும் விவரிப்புக் கோப்பையும் அத்தியாயக் கோப்பையும் கொடுத்துவிட்டால், மூன்றையும் கோத்து முழுக் காணொளியின் எழுத்துப்படியை அதுவே உருவாக்கிப் பக்கத்தில் வைக்கிறது. காணொளி ஓடும்போது அந்தந்த வரி நிறமிட்டுக் காட்டப்படுகிறது. எந்த வரியைச் சொடுக்கினாலும் காணொளி அந்த இடத்துக்குத் தாவுகிறது. பார்வையும் செவியும் ஒருசேர இல்லாதவருக்கு, காணொளியை அடைய உள்ள ஒரே வழி இந்த எழுத்துப்படியைப் பிரெய்ல் காட்டியில் விரலால் வாசிப்பதுதான். பேச்சு மட்டும் உள்ள எழுத்துப்படி அவருக்குப் பாதிக் காணொளிதான். விவரிப்பும் சேர்ந்து வருவதால் இது முழுமையாகிறது. சில இடங்களில் விவரிப்பு வரி ஒரு வாக்கியத்தின் நடுவே வந்து விழுகிறது என்பதும் உண்மை. நேரக்குறிப்பின் வரிசைப்படி கோக்கும்போது அது தவிர்க்க முடியாதது, வரிசையைச் சீர்செய்வதற்கென்று ஒரு துணைக்கருவியையும் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் குறைபாடும் இல்லாத என் உறவினர்கள்கூட இப்போது காணொளியை ஓட்டாமல் எழுத்துப்படியில் தேடி, தேவையான இடத்தைச் சொடுக்கிக்கொள்கிறார்கள்.

ஒலி விவரிப்புக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில், விவரிப்பாளர் குரலோடு பதிவுசெய்த இன்னொரு காணொளியை வைத்துக்கொள்ளலாம்; பார்ப்பவர் விவரிப்புப் பொத்தானை அழுத்தியதும் பிளேயர் அதற்கு மாறிக்கொள்கிறது. இரண்டாவது வழியில், விவரிப்பை எழுத்தாக மட்டும் எழுதி வெப்விடிடி கோப்பாகக் கொடுத்தால், உலாவியில் உள்ள பேச்சு இயந்திரம் அதைக் குறித்த நேரத்தில் வாசிக்கிறது. வாசித்து முடிக்கும்வரை காணொளியை நிறுத்திவைக்கும் விருப்பத்தேர்வும் உண்டு. இந்த நிறுத்தம் சாதாரண விஷயமில்லை. வழக்கமான ஒலி விவரிப்பைப் பேச்சுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிக்குள் திணிக்க வேண்டும். இடைவிடாமல் பேசிக்கொண்டே போகும் என்னைப் போன்றவரின் காணொளியில் அப்படி இடைவெளி ஏது? காணொளியை நிறுத்தி விவரிப்பதை நீட்டித்த விவரிப்பு என்று வழிகாட்டுதல்கள் குறிப்பிட்டு, மிக உயர்ந்த நிலையில் வைத்திருக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடமோ குரல் கலைஞரோ இல்லாத தனியாள் ஒருவர் அந்த நிலையை ஓர் எழுத்துக் கோப்பை மட்டும் வைத்து எட்டிவிடலாம் என்பதுதான் ஏபிள் பிளேயர் செய்திருக்கும் பெரிய காரியம்.

இதன் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. குரல் பார்ப்பவரின் கருவியிலிருந்து வருகிறது. அந்தக் கருவியில் தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருந்தால் நல்ல வாசிப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் தமிழ் விவரிப்பு சரியாக ஒலிக்காது. குரலையும் அதன் வேகத்தையும் சுருதியையும் விருப்பத்தேர்வில் மாற்றலாம் என்றாலும், இல்லாத குரலை எந்த விருப்பத்தேர்வும் கொண்டுவந்துவிடாது. திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்துபவர்களிடம் தமிழ் வாசிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும், என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் இயந்திரமே கரகரத்த குரலில் தமிழ் வாசிக்கும் என்பதால், நண்பர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அண்மையில் பார்வை மங்கத் தொடங்கிய முதியவர் ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வந்தால் நிலைமை வேறு. அவரை நினைத்து, கடைசியில் என் குரலிலேயே விவரிப்பைப் பதிவுசெய்து முதல் வழியையும் சேர்த்து வைத்தேன்.

விவரிப்பை எழுத உட்கார்ந்தபோது நண்பரின் முதல் கேள்வி மறுபடி எதிரே வந்து நின்றது. "இதை", "இங்கே", "இப்படி" என்று நான் சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விவரிப்பு வரி தேவைப்பட்டது. எண்ணிப் பார்த்தேன், 31 இடங்கள். 31 முறை காணொளியை நிறுத்தி இயந்திரம் பேசுவதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? எனவே பேச்சையே மாற்றி எழுதிப் புதிதாகப் பதிவுசெய்தேன். "இதை இங்கே நுழைத்து" என்பதற்குப் பதிலாக, "நெம்புகோலின் தட்டையான முனையை, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், டயரின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நுழைத்து, மறுமுனையை ஆரக்கால்களின் பக்கமாக அழுத்துங்கள்" என்று சொன்னேன். 31 விவரிப்பு வரி ஆறாகக் குறைந்தது. காணொளியின் நீளமோ ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை.

இன்னொன்றையும் நண்பரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஓட்டையைக் கண்டுபிடிக்க டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பாருங்கள் என்பதே என் காணொளியில் இருந்த ஒரே வழி. அதற்கு எவ்வளவு அழகாக விவரிப்பு எழுதினாலும் அவருக்குப் பயன் இல்லை. குமிழி வருகிறது என்று நான் சொல்வது என் டியூபைப் பற்றி, அவர் கையில் இருக்கும் டியூபைப் பற்றி அல்ல. "காற்றடித்த டியூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லச் சுற்றினால் காற்று படும் இடம் தெரிந்துவிடுமே" என்றார். பசை பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருங்கள் என்ற இடத்திலும், விரலின் பின்புறத்தால் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத பதம் என்பதைச் சேர்த்தோம். இரண்டையும் இப்போது காணொளியின் உள்ளேயே சொல்கிறேன்.

பிளேயரால் சரிசெய்ய முடியாத ஒன்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். காட்சி ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானபோது, வேகமாக மாறி மாறி மின்னிய சிவப்பும் நீலமும் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வலிப்போடும் மயக்கத்தோடும் மருத்துவமனைக்கு அனுப்பின. என் காணொளியின் தொடக்கத்தில் வைத்திருந்த மின்னும் தலைப்பைப் படத்தொகுப்பில்தான் நீக்க வேண்டியிருந்தது. பக்கம் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் அமைப்பையும் எடுத்துவிட்டேன். திரைவாசிப்பான் பேசும்போதே காணொளியும் பேசத் தொடங்கினால் நிறுத்தும் பொத்தான் எங்கே என்று கேட்கவே முடியாமல் போகிறது.

காணொளியை ஏற்றிவிட்டு மறந்துவிட நினைப்பவர்களுக்கு இந்தப் பிளேயரைப் பரிந்துரைக்க மாட்டேன்; அவர்கள் கையில் இது அழகு குறைந்த இன்னொரு பிளேயர் மட்டும்தான். பாடம் நடத்துபவர்கள், பயிற்சி தருபவர்கள், பொதுமக்களுக்கு அறிவிப்பு வெளியிடும் அமைப்புகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். காணொளி எடுக்க ஒரு நாள் ஆனால், எழுத்து வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். பேச்சை எழுதும்போதே பார்க்க இயலாதவரை நினைத்து எழுதினால் மூன்று நாள் இரண்டாகும். நேரலைக்கு இது தீர்வாகாது. அங்கே கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யும் ஆள் வேண்டும்.

சைகை மொழிக்கும் இதில் இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் சைகையில் பேசும் காணொளியைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால், முதன்மைக் காணொளியோடு நேரம் பிசகாமல் தனிச் சாளரத்தில் ஓடுகிறது. அந்தச் சாளரத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்தவும் பெரிதாக்கவும் முடியும். கேப்ஷன்தான் இருக்கிறதே என்று முதலில் நான் இதைத் தள்ளிவைத்திருந்தேன். பிறவியிலேயே காது கேளாத ஒருவர் காணொளியைப் பார்த்துவிட்டு, சைகை மொழிதான் தன் முதல் மொழி என்றும், எழுத்துத் தமிழ் பள்ளியில் பிற்பாடு கற்ற இரண்டாம் மொழி என்றும், என் நீண்ட வாக்கியங்களை வாசித்து முடிப்பதற்குள் கை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது என்றும் எழுதி அனுப்பினார். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. சொல்லுக்குச் சொல் சைகை வைப்பதில்லை என்பதால், தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பஞ்சர் ஒட்டும் வேலையையும் புரிந்துகொண்டு செய்ய வேண்டிய பணி அது. அவரிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பொத்தான் மட்டும் என் காணொளியில் இன்னும் தோன்றவில்லை.